மொட்டை மாடி ரேடியோவுக்கு எந்த ஃபில்டர்? செம்புக் காயிலா, சா ஃபில்டரா, கார்பன் நானோகுழாயா?

வடசென்னையில் 2 மீட்டர் அலைநீளத்தில் ஹாம் ரேடியோ (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக நடத்தும் ரேடியோ) வைத்திருப்பவருக்கு ஃபில்டர், அதாவது வேண்டிய அலைவரிசையை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும் சல்லடை, ஆடம்பரம் இல்லை, தேவை. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் மொட்டை மாடியில் ஒரு ஆன்டெனாவை நிறுத்திப் பாருங்கள். நமக்கு வேண்டியது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள சின்னத் துண்டு. ஆனால் கேபிள் வழியாக இறங்கி வருவது அது மட்டுமா? கீழ்ப் பக்கம் 88 முதல் 108 வரை எஃப்எம் ஒலிபரப்பு, கிலோவாட் கணக்கில். மேல் பக்கம் 156 முதல் 162 வரை கப்பல்கள் பேசும் கடல் வி.எச்.எஃப். தாம்பரத்தில் இருப்பவருக்கு எஃப்எம் தொல்லையோடு போயிற்று. நமக்குக் கப்பலும் சேர்த்து.

கப்பல் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஃபில்டர் தேர்வே அதில்தான் திரும்புகிறது. தெற்கே சென்னைத் துறைமுகம், அதை ஒட்டிக் காசிமேடு, வடக்கே எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதையும் தாண்டினால் காட்டுப்பள்ளி. இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறோம். கப்பலில் இருக்கும் வி.எச்.எஃப். செட் 25 வாட் வரை அனுப்பும். அழைப்புக்கும் ஆபத்துக்குமான 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. யாரும் பேசாவிட்டாலும் ஓய்வு கிடையாது. பெரிய கப்பல்களில் இருக்கும் ஏ.ஐ.எஸ். கருவி தன் பெயரையும் இருப்பிடத்தையும் 161.975, 162.025 ஆகிய இரண்டு அலைவரிசைகளில் 12.5 வாட்டில் தானாக அனுப்பிக்கொண்டே இருக்கும். ஓடும் கப்பல் சில விநாடிக்கு ஒருமுறை, நங்கூரம் போட்டு நிற்பது மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை.

இவையெல்லாம் வேறு அலைவரிசைதானே, ரிசீவரை 145-இல் வைத்தால் போதாதா? போதாது. டியூன் செய்கிற வேலை ரிசீவருக்குள் கொஞ்சம் உள்ளே போன பிறகுதான் நடக்கிறது. அதற்கு முன்னால் நிற்கும், சிக்னலைப் பெருக்கும் முதல் ஆம்ப்ளிஃபயரும் அலைவரிசையை மாற்றும் மிக்சரும் வந்ததையெல்லாம் மொத்தமாக வாங்குகின்றன. ஏதாவது ஒன்று பலமாக வந்தால் அவை திணறிப்போய், இல்லாத சிக்னல்களைத் தாங்களே கலந்து உண்டாக்கும். கணினியில் செருகிக் கேட்கும் மலிவான ஆர்டிஎல் எஸ்டிஆர் டாங்கிளில் இது இன்னும் மோசம். அதற்குள் சிக்னலை எண்ணாக்குவது வெறும் 8 பிட் மாற்றி, இடம் குறைவு. பலத்த எஃப்எம் சிக்னல் அந்த இடத்தை அடைத்துக்கொண்டால் பலவீனமான 145 சிக்னலுக்கு மிச்சம் இருக்காது.

சரி, ஃபில்டர் வேண்டும். எது? அக்கா மகன் ஈ.சி.ஈ. இறுதியாண்டு படிக்கிறான். அவன் கேட்டான்: "மாமா, கார்பன் நானோகுழாய்ல ஆர்.எஃப். ஃபில்டர் பண்ணலாம்னு போட்டிருக்கான். நாம ஏன் இன்னும் செம்புக் கம்பியைச் சுத்திக்கிட்டு இருக்கோம்?" நல்ல கேள்வி. "அதெல்லாம் நமக்கு ஒத்துவராதுடா" என்று தள்ளிவிடலாம், ஆனால் அது பதில் இல்லை. கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் அளவுகோல். எந்த ஃபில்டரையும் எடைபோட நான் பார்ப்பது நான்கு: வேண்டிய சிக்னலில் எவ்வளவு தின்கிறது, 108-ஐயும் 156-ஐயும் எவ்வளவு தள்ளுகிறது, 50 ஓம் கேபிளோடு ஒத்துப்போகிறதா, எவ்வளவு பவர் தாங்கும். முதல் இரண்டுக்கும் அடியில் இருப்பது க்யூ என்கிற ஒற்றை எண். ஒரு ரெசனேட்டரை, அதாவது தனக்கென்று ஒரு அலைவரிசையில் அதிரும் உறுப்பை, தட்டிவிட்டால் எவ்வளவு நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும், அதாவது உள்ளே வைத்த சக்தியை எவ்வளவு மெதுவாக இழக்கும் என்பதன் அளவு அது. க்யூ பெரிதாக இருந்தால் குறுகலான ஃபில்டரைக் குறைந்த இழப்பில் செய்யலாம். சின்னதாக இருந்தால் குறுகலாக்க ஆக்க வேண்டிய சிக்னலே கரைந்துபோகும்.

எண்ணில் பார்த்தால் இது நன்றாக உறைக்கும். கையால் சுற்றிய காற்றுக் காயிலின் க்யூ 150 என்று வைத்துக்கொள்வோம். 145 மெகாஹெர்ட்ஸில் அது நியாயமான எண். இரண்டு ரெசனேட்டர் வைத்து 10 மெகாஹெர்ட்ஸ் அகல ஃபில்டர் செய்தால் இழப்பு சுமார் 1.2 டெசிபல் (சிக்னல் எத்தனை மடங்கு குறைந்தது என்பதன் அளவு). அதையே 5 மெகாஹெர்ட்ஸாகக் குறுக்கினால் 2.4. நம் பேண்டின் அகலமான 2 மெகாஹெர்ட்ஸுக்கே குறுக்கினால் கிட்டத்தட்ட 6 டெசிபல். அதாவது வந்த சிக்னலில் முக்கால் பங்கு காலி. காயிலும் கெபாசிடரும் எவ்வளவு நல்லதாக வாங்கினாலும் இந்தச் சுவரில் முட்டியே ஆக வேண்டும்.

காயிலும் கெபாசிடரும் சேர்ந்த எல்-சி ஃபில்டரின் கதை இதோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. 10 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அது 108-ஐ 37 டெசிபல் வரை தள்ளும், எஃப்எம் தொல்லைக்கு அது தாராளம். 156-ஐ வெறும் 13 டெசிபல்தான் தள்ளும். மடிப்பாக்கத்தில் இருப்பவர் என்றால் இதைச் செய்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். ரிச்சி தெருவில் சூட்டுக்கு அசையாத என்.பி.ஓ. வகை செராமிக் கெபாசிடரும், திருகி அளவை மாற்றும் டிரிம்மர் இரண்டும் வாங்கினால் ஒரு சாயங்கால வேலை. சும்மா செராமிக் கெபாசிடரைப் போட்டுவிடாதீர்கள். வெயில் ஏறினால் அது எங்கேயோ போய் நிற்கும். கடைகளில் எஃப்எம் டிராப் என்று 88 முதல் 108 வரை மட்டும் அடைக்கிற சின்ன டப்பாவும் கிடைக்கிறது. அதுவும் எல்-சி ஜாதிதான், அதுவும் நல்லதுதான். ஆனால் கப்பலை அது கண்டுகொள்ளாது.

கப்பலையும் தள்ள வேண்டும் என்றால் க்யூவை உயர்த்த வேண்டும். அதற்கு நம் கையில் இருக்கும் வழி ஹெலிகல் ரெசனேட்டர். ஒரு சதுர உலோகக் கூண்டுக்குள் தடித்த செம்புக் கம்பியில் ஒரு சுருள், ஒரு முனை கூண்டோடு பற்றவைத்தது, மறுமுனை அந்தரத்தில். அவ்வளவுதான். பார்க்கக் காயில் மாதிரி இருந்தாலும் வேலை செய்வது கால் அலைநீளக் கம்பியைச் சுருட்டி வைத்தது மாதிரி. இதன் க்யூவுக்குப் பழைய ரேடியோ கையேடுகளில் ஒரு நேரடிக் கணக்கு இருக்கிறது: கூண்டின் பக்க அளவை அங்குலத்தில் எடுத்து, 60-ஆல் பெருக்கி, மெகாஹெர்ட்ஸின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வந்துவிடும். 40 மில்லிமீட்டர் கூண்டு என்றால் 1100-க்கு மேல் வரும். கைவேலையில் கொஞ்சம் குறையும். 1000 என்று வைத்துக்கொள்ளலாம்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். 40 மில்லிமீட்டர் சதுரம், 64 உயரம். உள்ளே 26 மில்லிமீட்டர் விட்டத்தில், 40 நீளத்தில், 7 சுற்று. கம்பி 2.5 மில்லிமீட்டர் அளவு தடிமன் இருக்க வேண்டும், 12 கேஜ் கம்பி பொருந்தும். மேலிருந்து ஒரு பித்தளை ஸ்க்ரூ இறக்கினால் அதுதான் டியூனிங். இப்படி மூன்று கூண்டு பக்கத்தில் பக்கத்தில், நடுச்சுவரில் ஒரு ஜன்னல் வெட்டி. 5 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குச் செய்தால் இழப்பு கணக்குப்படி அரை டெசிபல், 156-இல் 37 டெசிபல், 162-இல் 48. நேரில் செய்யும்போது இழப்பு ஒரு டெசிபலைத் தொடலாம். அப்படித் தொட்டாலும் நட்டமில்லை. எல்-சி முக்கி முனகி எட்டுகிற எண்கள் இல்லை இவை. அதே மூன்று ரெசனேட்டர், அதே அகலம், 150 க்யூ காயிலில் செய்தால் இழப்பு 3 டெசிபலைத் தாண்டும்.

கூண்டுக்கு என்ன தகடு என்று கேட்பீர்கள். பிஸ்கட் டின் வேண்டாம். கடல் காற்றில் நம் ஊரில் தகரம் படும் பாடு தெரியும்தானே. செம்புத் தகடு அல்லது இரண்டு பக்கமும் செம்பு பூசிய வெற்று சர்க்யூட் போர்டை வெட்டிப் பற்றவைப்பது நல்லது. மூலைகளில் ஈயம் இடைவெளியில்லாமல் ஓட வேண்டும், விட்டுவிட்டு வைத்தால் க்யூ இறங்கிவிடும். முடிந்ததும் மூடி போட்டு சிலிக்கான் தடவிவிட வேண்டும். செம்பு பச்சை பிடிக்க விடக்கூடாது, மின்சாரம் ஓடுவது அந்த மேல்தோலில்தான்; 145 மெகாஹெர்ட்ஸில் செம்புக்குள் சிக்னல் இறங்கும் ஆழம் 5.5 மைக்ரான் மட்டுமே.

இதற்கும் மேலே ஒரு படி கேவிட்டி. கால் அலைநீளம், அதாவது ஏறக்குறைய 52 சென்டிமீட்டர் உயரக் குழாய், நடுவில் ஒரு செம்புக் கம்பம். வெளிக்குழாய் 4 அங்குலம் என்றால் உள்ளே ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஒன்றேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான செம்புக் குழாய் சரியாக அமையும், ஏனென்றால் வெளிவிட்டத்துக்கும் உள்விட்டத்துக்கும் 3.6 மடங்கு இருந்தால்தான் க்யூ உச்சம். கணக்கில் 4000-க்கு மேல் வரும். ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) வைப்பவர்களுக்கு இது இல்லாமல் முடியாது. ஒரு ஆள் கேட்கிற ஸ்டேஷனுக்கு அரை மீட்டர் பீரங்கியை மாடியில் நிறுத்துவது வீண் என்பது என் எண்ணம். செம்புதாஸ் தெருவில் குழாய் விலை கேட்டால் உங்களுக்கும் அந்த எண்ணம் வந்துவிடும்.

சா ஃபில்டர். பழைய கலர் டிவி பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது பழகிய பெயர், 38.9 மெகாஹெர்ட்ஸ் ஐ.எஃப். (இடைநிலை அலைவரிசை) பகுதியில் ஐந்து கால் வைத்த பொருளாக நிற்கும். மின்சிக்னலை ஒரு படிகத்தின் மேற்பரப்பில் ஓடும் ஒலி அலையாக மாற்றி, மறுமுனையில் திரும்ப மின்சிக்னலாக எடுக்கிறது. லித்தியம் நியோபேட் படிகத்தில் அந்த அலை விநாடிக்கு சுமார் 4000 மீட்டர் ஓடும். ஆகையால் காற்றில் 2 மீட்டர் நீளம் இருந்த அலை படிகத்தில் 28 மைக்ரானாகச் சுருங்கிவிடுகிறது. அதனால்தான் இவ்வளவு சின்னப் பொருளில் இவ்வளவு செங்குத்தான சுவர் கிடைக்கிறது. டியூன் செய்ய வேண்டியதில்லை, பற்றவைத்தால் முடிந்தது.

பிறகு ஏன் எல்லாரும் இதையே போடக்கூடாது? மூன்று காரணம். தொழிற்சாலை எந்த அலைவரிசைக்குச் செய்கிறதோ அதுதான் கிடைக்கும். கடல் ஏ.ஐ.எஸ். கேட்க 162-க்கு சா ஃபில்டரும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த டப்பாக்கள் தயாராக விற்கின்றன. ஹாம் பேண்டுக்கு அப்படி எளிதாக அமையாது. அடுத்து, மாடி வெயில். லித்தியம் நியோபேட் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 75 பங்கு நகரும். விடியற்காலைக்கும் மதியத்துக்கும் டப்பாவுக்குள் 30 டிகிரி வித்தியாசம் என்றால் 145-இல் மூன்றில் ஒரு மெகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். அகலமான ஃபில்டரில் தெரியாது, குறுகலானதில் தெரியும். மூன்றாவதுதான் முக்கியம்: பவர். கேட்பதற்கு மட்டும் சரி. தப்பித்தவறி செட்டின் அனுப்பும் பட்டனை அமுக்கினால் 5 வாட்டில் அந்தப் படிகம் செத்துவிடும். ஹெலிகல் அதைக் கண்டுகொள்ளாது.

செல்போனுக்குள் இதன் தம்பியான பா ஃபில்டர் இருக்கிறது. மேற்பரப்பில் ஓடாமல் அலுமினியம் நைட்ரைடு படலத்தின் தடிமனுக்குள்ளேயே அலை அதிரும். 2 கிகாஹெர்ட்ஸ் பக்கம் அதுதான் ராஜா. நம் 145-க்கு அந்தப் படலம் பல மைக்ரான் தடிமன் ஆக வேண்டியிருக்கும் என்பதால் இங்கே அதற்கு இடமில்லை.

இனி நானோகுழாய்

ஜப்பானின் என்.ஈ.சி. ஆய்வகத்தில் சுமியோ இஜிமா 1991-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது. கார்பன் அணுக்கள் அறுகோணமாகக் கோத்த ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டியது போன்ற உருவம், விட்டம் ஒன்றிரண்டு நானோமீட்டரிலிருந்து. எஃகைவிட ஐந்து மடங்கு விறைப்பு, எடையோ அலுமினியத்தைவிடக் குறைவு. விறைப்பாகவும் லேசாகவும் இருக்கும் கம்பி வேகமாக அதிரும் என்பது வீணை வாசிப்பவருக்கும் தெரியும். ஒரு மைக்ரான் நீளக் குழாயைக் கட்டி நிறுத்தினால் அது அதிர்வதே மெகாஹெர்ட்ஸ் கணக்கில்.

இதை வைத்து ஃபில்டர் என்று பேசுபவர்கள் உண்மையில் மூன்று வெவ்வேறு விஷயங்களைப் பேசுகிறார்கள். அவற்றைப் பிரிக்காமல் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஒன்று, குழாயைக் காயிலாகப் பயன்படுத்துவது. இர்வைனில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பீட்டர் பர்க் 2002-இல் நானோகுழாயை ஒரு டிரான்ஸ்மிஷன் லைனாக, அதாவது சிக்னலைக் கடத்தும் கேபிளாக, எடுத்துக் கணக்கிட்டார். அதில் வந்த சுவாரசியம், எலெக்ட்ரான்களின் ஓட்டத்துக்கே உள்ள நிலைமத்தால் ஒரு மைக்ரானுக்கு 4 நானோஹென்றி இண்டக்டன்ஸ் (காயிலுக்கே உரிய குணம்) கிடைக்கிறது. சாதாரணக் கம்பியின் காந்த இண்டக்டன்ஸைவிட ஆயிரக்கணக்கான மடங்கு. காயிலே சுற்றாமல் காயில்! எனக்கும் முதலில் படித்தபோது ஆசை வந்தது. ஆனால் கூடவே ஒட்டிக்கொண்டு வருவது தடை. ஒற்றைச் சுவர்க் குழாயின் இரண்டு முனையிலும் உலோகத்தை எவ்வளவு கச்சிதமாகத் தொட்டாலும் 6.45 கிலோ ஓமுக்குக் கீழே போக முடியாது. அது வேலைத்திறன் குறைவால் வருவதில்லை, குவாண்டம் இயற்பியலே விதித்த எல்லை. 10 மைக்ரான் குழாய் எடுத்தால் 40 நானோஹென்றி. 145 மெகாஹெர்ட்ஸில் அது 36 ஓம். அதன் மேல் குறைந்தபட்சம் 6450 ஓம். க்யூ 0.006-ஐத் தாண்டாது. அதைக் காயில் என்று சொல்லக்கூடாது, ரெசிஸ்டர்.

"நிறையக் குழாயைக் கட்டாகக் கட்டினா தடை குறையுமே மாமா?" குறையும். கூடவே இண்டக்டன்ஸும் அதே விகிதத்தில் குறையும். க்யூ அசையாது. இந்த நிலைம இண்டக்டன்ஸ் தடையை மிஞ்சத் தொடங்குவது, எலெக்ட்ரான் மோதாமல் ஒரு மைக்ரான் ஓடுகிறது என்று வைத்தாலும், 100 கிகாஹெர்ட்ஸைத் தாண்டித்தான். அங்கே வேலை செய்பவர்களுக்கு அது பயன்படட்டும்.

இரண்டாவது, குழாயை அதிர வைப்பது. என் பார்வையில் உண்மையான ஃபில்டர் கனவு இதுதான். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பால் மெக்யூன் குழு 2004-இல் இரண்டு முனையும் கட்டிய நானோகுழாயை மின்னழுத்தத்தால் இழுத்து அதிர வைத்தது. அதிர்வு 3 முதல் 200 மெகாஹெர்ட்ஸ் வரை. கீழே இருக்கும் கேட் என்ற மின்முனையின் மின்னழுத்தத்தை மாற்றினால் குழாய் இறுகி, சுருதி ஏறுவது போல அலைவரிசையும் ஏறும். ஸ்க்ரூ திருகாமல் ஒரு வோல்ட்டேஜ் கொண்டு டியூன் ஆகும் ஃபில்டர். 2007-இல் பெர்க்லியில் அலெக்ஸ் ஜெட்டல் குழு ஒரே ஒரு குழாயை ஆன்டெனாவாகவும் டியூனராகவும் ஆம்ப்ளிஃபயராகவும், அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் டிமாடுலேட்டராகவும் வேலை வாங்கி, ஒரு முழு ரேடியோவையே காட்டியது. வெற்றிடத்தில் ஒரு முனையில் நட்டுவைத்த குழாய், ரேடியோ அலையோடு அதன் அதிர்வு ஒத்துப்போனால் ஆடும். ஆடினால் அதன் நுனியிலிருந்து பாயும் எலெக்ட்ரான் ஓட்டம் மாறும். தேர்ந்தெடுப்பது அந்த ஆட்டம்தான். அழகான சோதனை, மறுக்கவே முடியாது.

ஆனால் கார்னெல் சோதனையில் அறை வெப்பநிலையில் கிடைத்த க்யூவைப் பாருங்கள்: 40 முதல் 200 வரை. அதுவும் வெற்றிடத்தில். நான் 12 கேஜுக்கும் மெல்லிய கம்பியைப் பேனாவின் மேல் சுற்றி எடுக்கிற காயிலின் க்யூவும் அதே 150. க்யூ லட்சத்தைத் தாண்டியதும் உண்டு, டெல்ஃப்ட் குழு 2009-இல் காட்டியது. ஆனால் குளிரின் அடிமட்டமான முழு பூஜ்யத்துக்கு மேல் ஒரு டிகிரியின் நூறில் சில பங்கு குளிரில். திருவொற்றியூர் மாடியில் மே மாதம் அந்தக் குளிருக்கு எங்கே போவது.

அடுத்த முட்டுக்கட்டை 50 ஓம். குழாய் வழியாகப் போகும் மின்னோட்டத்தைத்தான் எடுக்கிறோம் என்றால் அந்த 6.45 கிலோ ஓம் இங்கேயும் வழியில் உட்கார்ந்திருக்கிறது. மெட்ரோ வாட்டர் லாரியின் குழாயை ஊசிமுனையில் செருகுகிற கதை. மற்ற எல்லாமே கச்சிதம் என்று வைத்துக்கொண்டாலும் 50 ஓம் லைனில் தொடராக நிற்கும் ஒற்றைக் குழாய் 36 டெசிபல் தின்னும். நம் ஹெலிகல் 156-இல் இருக்கும் கப்பலைத் தள்ளுகிற அளவுக்கு இது வேண்டிய சிக்னலையே தள்ளும். 50 ஓமுக்கு இறக்க 130 குழாய் இணையாக வேண்டும். இழப்பை அரை டெசிபலுக்குக் கொண்டுவர ஆயிரத்துச் சொச்சம்.

ஆயிரம் குழாய் ஒரு பிரச்சினையா, கிராமுக்குள் கோடி கோடியாக இருக்குமே என்று தோன்றும். எண்ணிக்கை பிரச்சினை இல்லை, ஒற்றுமை பிரச்சினை. இழுவிசை இல்லாமல் கட்டிய குழாயின் அதிர்வெண் நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ். நீளத்தில் ஒரு சதவீதம் பிசகினால் அதிர்வெண் இரண்டு சதவீதம் போகும். 145-இல் அது 2.9 மெகாஹெர்ட்ஸ். நம் பேண்டே 2 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு மைக்ரான் குழாயில் ஒரு சதவீதம் என்பது 10 நானோமீட்டர். போதாததற்கு, கலந்து வளரும் குழாய்களில் மூன்றில் ஒன்றுதான் உலோகம் போல நடக்கும், மற்றவை குறைக்கடத்தி. ஆயிரம் குழாயும் ஒரே வகை, ஒரே விட்டம், ஒரே நீளம், ஒரே இறுக்கம். இதைச் செய்தால்தான் ஒரு ஃபில்டர்.

குழாயைத் தயாரிப்பது இதில் கடினமே இல்லை என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. கீழடியில் கிடைத்த கி.மு. 6-ஆம் நூற்றாண்டுப் பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக 2020-இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் கட்டுரை வந்தது. சூளையின் சூட்டில் தாமாக உண்டானவை. சூளையில் உண்டாகிறது, உண்மை. சூளைக்குள் அது வேண்டிய இடத்தில் வேண்டிய நீளத்தில் வந்து நிற்காதே!

பவர் பற்றி ஒரே வரி: ஒரு ஒற்றைச் சுவர்க் குழாய் 25 மைக்ரோஆம்பியர் அளவில் திணறிவிடும், 50 ஓமில் அது 31 நானோவாட். மாடியில் பலமாக விழும் எஃப்எம் சிக்னலே அதைத் தாண்டக்கூடும், ஆக ஃபில்டரைக் காப்பாற்ற இன்னொரு ஃபில்டர் வேண்டும்.

மூன்றாவது, குழாய்களை நூலாகவோ படலமாகவோ திரித்து வெறும் கடத்தியாகப் பயன்படுத்துவது. இதில் மாயம் குறைவு, அதனாலேயே எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். நல்ல நானோகுழாய் நூலின் கடத்துதிறன் செம்பில் ஆறில் ஒரு பங்கு வரை வந்திருக்கிறது. கேவிட்டியின் உட்பூச்சு செம்புக்குப் பதில் இதுவாக இருந்தால் க்யூ வர்க்கமூலக் கணக்கில் இறங்கும், அதாவது சுமார் 40 சதவீதமாகும். 4000 இருந்த இடத்தில் 1600. தரையில் இருக்கும் நமக்கு நட்டம். ஒவ்வொரு கிராமுக்கும் காசு கட்டி மேலே அனுப்புகிற செயற்கைக்கோளில், பிளாஸ்டிக் கூடுக்கு இந்தப் பூச்சைப் போட்டு எடையைக் குறைப்பது யோசிக்கத் தகுந்த பேரம்.

அப்புறம், எதை எடுப்பது

கேட்கவும் பேசவும் ஒரு ஸ்டேஷன் வேண்டும், கடலுக்கு இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் வீடு என்றால் மூன்று கூண்டு ஹெலிகல்தான். 2015 வெள்ளத்தில் செல்போன் படுத்த இடங்களில் ஹாம்கள் கைகொடுத்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் பாடுபட்டு அனுப்பப்படும் பலவீனமான சிக்னலைக் கப்பலின் ஏ.ஐ.எஸ். வெடிப்பு விழுங்கிவிடக் கூடாது. கையில் ஈயப்பற்று வேலை அவ்வளவாக வராது, எஃப்எம் மட்டும்தான் தொல்லை என்றால் எல்-சி. கப்பல்களையே பின்தொடர ஆசை என்றால் 162-க்கான சா ஃபில்டரை வாங்கிவிடுங்கள், அதைச் சுற்ற முனைவது நேர விரயம். கேவிட்டி ரிப்பீட்டர்காரர்களுக்கு.

அக்கா மகனின் புராஜெக்ட் வேறு கணக்கு. அவனுக்கு வேண்டியது வேலை செய்யும் ஃபில்டர் மட்டுமல்ல, வாய்மொழித் தேர்வில் நின்று பதில் சொல்ல ஒரு வாதம். நானோகுழாயை விட்டுவிடு என்று நான் அவனிடம் சொல்லவில்லை. ஆன்லைனில் பொடி வாங்கி, பசையில் குழைத்து போர்டில் தடவி, "நானோகுழாய் ஃபில்டர்" என்று பெயர் வைக்கிற புராஜெக்டைத்தான் வேண்டாம் என்றேன். அது நான் மேலே சொன்ன மூன்றில் எதுவுமே இல்லை, கரி தடவிய ரெசிஸ்டர். தவிர, அந்தப் பொடி மூச்சில் போகக் கூடாது. பல சுவர்க் குழாய்களில் ஒரு வகையைப் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச அமைப்பு 2014-இல் "புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது" என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. வீட்டு மேஜையில், மின்விசிறிக்குக் கீழே பிரிக்கிற சாமான் இல்லை.

அவனுக்கு நான் சொன்ன வழி இது. பர்க்கின் டிரான்ஸ்மிஷன் லைன் மாதிரியை எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் கணிப்பு மென்பொருளில் போடு. முதலில் ஒரு குழாய், பிறகு நூறு, பிறகு ஆயிரம். ஒவ்வொன்றிலும் க்யூவும் இழப்பும் என்ன ஆகிறது என்று வரைபடம் எடு. அதிரும் குழாய்க்கு நீளப் பிசகைச் சீரற்ற எண்ணாகக் கொடுத்து, எத்தனை சதவீதத்தில் ஃபில்டர் குலைகிறது என்று பார். பக்கத்திலேயே கையால் செய்த ஹெலிகலை நானோவிஎன்ஏ என்ற ஃபில்டர் அளக்கும் சின்னக் கருவியில் அளந்து அதே வரைபடத்தில் போடு. இரண்டு கோடும் ஒரே தாளில் இருந்தால் கேட்பவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. உண்மையிலேயே குழாயைத் தொட்டுப் பார்க்க ஆசை என்றால் அதற்கும் கதவு இருக்கிறது: ஐ.ஐ.எஸ்.சி., ஐ.ஐ.டி. ஆய்வகங்களின் சுத்த அறைகளை வெளி மாணவர்களுக்கும் திறந்துவிடும் ஐ.என்.யு.பி. என்ற மத்திய அரசுத் திட்டம். கல்லூரி வழியாகத் திட்ட வரைவு எழுதி அனுப்ப வேண்டும். கிடைக்க நேரமாகும், ஆகவே அது எட்டாம் செமஸ்டருக்கு ஆகிற வேலை இல்லை, முதுகலைக்கு.

செய்து முடித்தவர்களுக்குக் கடைசியாக ஒரு சந்தேகம் வரும்: ஆம்ப்ளிஃபயர் முதலிலா, ஃபில்டர் முதலிலா? புத்தகத்தில் ஆம்ப்ளிஃபயரை ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருப்பார்கள், இரைச்சல் குறைய. அமைதியான ஊருக்கு அது சரி. நம் பக்கம் ஃபில்டர்தான் முதலில், ஆன்டெனா அடியிலேயே. ஹெலிகல் தின்கிற ஒரு டெசிபலை இரைச்சலாக ஏற்றுக்கொள்ளலாம். அதற்குப் பயந்து ஆம்ப்ளிஃபயரை முன்னால் வைத்தால் அது எஃப்எம்மையும் கப்பலையும் சேர்த்துப் பெருக்கி, பின்னால் எந்த ஃபில்டர் போட்டாலும் பிரிக்க முடியாத கலவையாக்கி அனுப்பும். அனுப்பவும் செய்கிற செட் என்றால் ஆம்ப்ளிஃபயருக்குக் குறுக்கே ஒரு ரிலே வேண்டும். ஃபில்டரை அப்படியே லைனில் விட்டுவிடலாம்.